துவக்கு வீட்டுக்குள் வரும் வழி

2025 பெப்ரவரி 19. கொழும்பு அளுத்கடை நீதவான் நீதிமன்றம், இலக்கம் 5. சட்டத்தரணி மாதிரி உடுத்திக்கொண்டு வந்த ஒருவன், கூண்டில் நின்ற கணேமுல்ல சஞ்சீவ என்பவரைச் சுட்டுக் கொன்றான். நீதிமன்றத்துக்குள் துவக்கு எப்படிப் போனது என்று நாடே கேட்டது. பதிலைக் கேட்டவர்கள் இன்னும் கொஞ்சம் அதிர்ந்தார்கள். ஒரு சட்டப் புத்தகம். அதன் பக்கங்களை உள்ளே குடைந்து, அந்தக் குழிக்குள் ஒரு ரிவால்வர். சுட்டவன் என்று சந்தேகிக்கப்பட்ட ஆள் அன்றைக்கே பிடிபட்டார். எங்கே? எங்கட புத்தளம் மாவட்டத்துப் பாலாவியில்.

அந்தச் செய்திக்குப் பிறகு எங்கட பக்கத்துப் பொடியங்கள் பேசுற பேச்சில் ஒரு சொல் அடிக்கடி வருது: "வீட்டுக்கு ஒண்டு இருந்தா நல்லம்." யூடியூப்பில் அமெரிக்காக்காரன் ஒருத்தன் மேசையில் ஆறேழு கைத்துப்பாக்கிகளை வரிசையாக வைத்து, வீட்டுக் காவலுக்கு எது, இடுப்பில் கொண்டு திரிய எது, போட்டிக்கு எது, மூன்றுக்கும் ஒன்று வேண்டுமென்றால் எது என்று அளந்து சொல்லுறான். ஏதோ மோட்டார் சைக்கிள் வாங்குறது மாதிரிக் கேட்டுக்கொண்டு இருக்கலாம்.

அந்தக் கேள்வியைக் கேலி செய்ய வேண்டியதில்லை. பயம் உண்மையானது. ஆனால் அதே கேள்வியை உடப்புக் கடற்கரையில் நின்று கேட்டால், வேறு ஒரு வரலாறு எழும்பி வருது. துவக்கு எங்கட தீவுக்குள், எங்கட ஊர்களுக்குள், எங்கட வீடுகளுக்குள் எந்த வழியாக வந்தது? வந்த பிறகு யாரைக் காத்தது? இதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போறோம்.

சொல் வந்த வழி

தமிழ்நாட்டில் துப்பாக்கி என்பார்கள். நாங்கள் துவக்கு என்போம். சிங்களத்தில் துவக்குவ. மூன்றும் ஒரே வேர். துருக்கி மொழியில் இந்தச் சாமானுக்குத் துஃபெக் என்று பெயர். அந்தச் சொல் பாரசீகம், தக்காணம், கடல் வணிகம் என்று சுற்றி எங்கட வாய்க்கு வந்து சேர்ந்தது. பிஸ்டலுக்குச் சிங்களத்தில் பிஸ்தோலய என்பது போர்த்துக்கேயரோடு வந்த சொல். அம்புக்கும் வில்லுக்கும் எங்களிடம் சொந்தச் சொல் இருக்கு, இதுக்கு இல்லை. சாமானும் சொல்லும் ஒரே தோணியில் வந்து இறங்கின.

போர்த்துக்கேயர் 1505 அளவில் கொழும்புக்கு வந்ததைப் பற்றிச் சிங்கள வரலாற்று நூலான இராஜாவலிய ஒரு விவரணை தருது. வந்தவர்கள் கல்லைத் தின்கிறார்கள், இரத்தத்தைக் குடிக்கிறார்கள், அவர்களுடைய பீரங்கிச் சத்தம் மலையில் இடி விழுந்ததை விடப் பெரியது என்று அரசனிடம் போய்ச் சொன்னார்களாம். பாணையும் வைனையும் பார்த்தறியாதவர்களின் கண் அது. கல்லும் இரத்தமும் பிழையான விளக்கம்தான், சத்தத்தைப் பற்றிச் சொன்னது மட்டும் சரியாக இருந்தது.

ஆனால் தீவு மக்கள் பயந்து நின்றுவிடவில்லை. நூறு ஆண்டுக்குள் இங்குள்ள கொல்லர்கள் துவக்குக் குழல் செய்யப் பழகிவிட்டார்கள். இலங்கையில் செய்த குழல்களின் தரத்தை ஐரோப்பியர்களே மெச்சி எழுதினார்கள். 1638இல் கன்னோறுவையில் கண்டிப் படை போர்த்துக்கேயப் படையை ஏறக்குறைய முழுசாக அழித்தது. துவக்கு இரண்டு பக்கமும் இருந்தது. 1765இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைக் கொள்ளையடித்தபோது எடுத்துப்போன பொருட்கள் சில நெதர்லாந்தின் ரைக்ஸ் மியூசியத்தில் இருந்தன. அவற்றில் ஆறு பொருட்களை 2023இல் திருப்பித் தந்தார்கள். வெள்ளியும் தங்கமும் மாணிக்கமும் பதித்த பீரங்கி, வாள்கள், ஒரு கத்தி, அவற்றோடு இரண்டு பெரிய துவக்குகள். இப்ப கொழும்புத் தேசிய நூதனசாலையில் போய்ப் பார்க்கலாம்.

எங்கட கரைக்கும் இதில் பங்கு இருக்கு. கண்டி அரசனுக்குக் கடல் வழி என்றால் அது புத்தளம், சிலாபம், திருகோணமலை, மட்டக்களப்பு மாதிரியான துறைகள்தான். உப்பு உள்ளே போகும், பாக்கும் தந்தமும் வெளியே வரும், வெளிநாட்டுச் சாமான் வரும் வாசலும் அதுதான். அந்த வாசலை அடைக்கத்தான் ஒல்லாந்தர் கற்பிட்டியில் 1667 முதல் 1676 வரை கோட்டை கட்டினார்கள். புத்தளம் களப்புக்குள் எந்தத் தோணி போனாலும் கோட்டையின் கண்ணில் படும். 1766 உடன்படிக்கையோடு தீவின் கரை முழுக்க ஒல்லாந்தர் கைக்குப் போனது. அதோடு கண்டிக்குக் கடலே இல்லாமல் போனது. ஆயுதத்தைக் கட்டுப்படுத்த வேண்டுமென்றால் துறையைக் கட்டுப்படுத்து. இந்தப் பாடத்தை அவர்களுக்குப் பிறகு வந்த எல்லா அரசும் படித்து வைத்திருக்கு.

சின்னதாக ஆன கதை

இதுவரை சொன்ன துவக்கெல்லாம் தோளில் வைக்கிற நீளத் துவக்கு. அதைத் தூக்கிக்கொண்டு ஒருவன் வருவது தெரு முனையிலேயே தெரியும். மனுசன் தப்பி ஓடலாம், கதவைச் சாத்தலாம், கும்பிட்டு நிற்கலாம். தெரியும் ஆயுதம் ஒரு வகையில் எச்சரிக்கையும்கூட.

19ஆம் நூற்றாண்டில் அது மாறியது. 1836இல் சாமுவேல் கோல்ட் அமெரிக்காவில் சுழல் துப்பாக்கிக்குக் காப்புரிமை எடுத்தார். கையளவு சாமானில் அடுத்தடுத்துப் பல சூடு. 1865இல் ஆபிரகாம் லிங்கன் நாடகக் கொட்டகையில் இருந்தபோது அவரைக் கொன்றது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு டெரிஞ்சர். 1900 அளவில் பெல்ஜியத்து எஃப்என் தொழிற்சாலை, ஜான் பிரவுனிங் வடிவமைத்த தானியங்கிப் பிஸ்டல்களை விற்கத் தொடங்கியது. தட்டையானது, சட்டைப்பைக்குள் போகும், 7 சன்னம் கொள்ளும்.

அந்தப் பிரவுனிங் வகை ஒன்று தமிழர் வரலாற்றிலும் வெடித்தது. 1911 ஜூன் 17, மணியாச்சி ரயில் நிலையம். திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் மனைவியோடு ரயில் பெட்டியில் இருந்தார். வாஞ்சிநாதன் பெட்டிக்குள் ஏறிப் பிஸ்டலால் சுட்டான். பிறகு நிலையத்துக் கழிப்பறைக்குள் ஓடித் தன்னையே சுட்டுக்கொண்டான். அவனுக்குப் பாண்டிச்சேரியில் சுடப் பழக்கியவர் வ.வே.சு. ஐயர். இந்தியர்கள் உரிமம் இல்லாமல் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது, ஐரோப்பியருக்கு அந்தத் தடை இல்லை என்று 1878 ஆயுதச் சட்டம் சொன்ன காலம் அது. அந்தச் சட்டத்தின் கண்ணில் படாமல் ஒரு பிஸ்டல் ஐரோப்பாவிலிருந்து மணியாச்சி வரை வந்தது என்றால், அதுக்கு முதல் காரணம் அது சின்னது என்பதுதான்.

வாஞ்சியைத் தியாகி என்பவர்கள் இருக்கிறார்கள், அவனுடைய சாதிப் பார்வையைக் கேள்வி கேட்பவர்களும் இருக்கிறார்கள். அந்த விவாதம் தனியாக நடக்கட்டும். நாங்கள் இங்கே பார்ப்பது கருவியை. சின்னத் துவக்கு செய்யத் தெரிந்த வேலை என்ன? கிட்டப் போகும் வரை தன்னை ஒளித்து வைக்கும். பெட்டிக்குள், சட்டைப்பைக்குள், காவிக்குள், புத்தகத்துக்குள்.

மூன்றுக்கும் ஒன்று?

அமெரிக்க வீடியோக்காரனின் கணக்கையும் நேர்மையாகப் பார்ப்போம். அதில் ஒரு தர்க்கம் இருக்கு. குழல் குறைந்தால் ஒளிக்க லேசு. ஆனால் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைத்தூரம் குறையும், குறி பிசகும். எடை குறைந்தால் நாள் முழுக்க இடுப்பில் கிடந்தாலும் பாரமில்லை. ஆனால் சுடும்போது உதை கூடும், இரண்டாவது சூடு எங்கேயோ போகும். பிடி குறைந்தால் சட்டைக்கு மேல் துருத்தாது. ஆனால் சன்னம் குறையும், சுண்டுவிரலுக்கு இடமிருக்காது. இதுக்கு நடுவில் ஒரு சமரசமாகத்தான் நடுத்தர அளவுப் பிஸ்டல்கள் பிறந்தன. ஆஸ்திரியாவின் குளொக் 17, அந்த நாட்டு இராணுவத்துக்கென்று 1982இல் வந்தது. அதன் குழல் 114 மில்லிமீட்டர். 1988இல் வந்த அதன் தம்பி குளொக் 19இன் குழல் 102 மில்லிமீட்டர், 15 சன்னம். ஒரு சென்ரிமீட்டர் சொச்சக் குறைப்புத்தான். அந்தக் குறைப்பால்தான் பொலிஸ்காரன் இடுப்பிலிருந்து வீட்டுக்காரன் இடுப்புக்கு அது போனது.

போட்டி என்று வந்தால் கதை வேறு. அமெரிக்காவில் இடுப்புத் துவக்குக்கென்றே போட்டிகள் இருக்கு, உண்மைதான். ஆனால் ஒலிம்பிக்கில் நாங்கள் பார்க்கும் 10 மீட்டர் எயார் பிஸ்டல் ஒளிக்கவே முடியாத சாமான். ஒன்றரைக் கிலோ வரை எடை இருக்கலாம், கைக்கு அளவெடுத்துச் செதுக்கிய மரப்பிடி, 4.5 மில்லிமீட்டர் ஈயக்குண்டு. குறிப்பலகையின் பத்துப் புள்ளி வட்டம் 11.5 மில்லிமீட்டர்தான், சட்டைப் பொத்தான் அளவு. 2024 பாரிஸில் இந்தியாவின் மனு பாகர் இந்தச் சாமானோடுதான் இரண்டு வெண்கலம் எடுத்தார். அதே பாரிஸில் ஒரு கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டபடி சுட்டு வெள்ளி எடுத்த துருக்கிக்காரர் யூசுப் டிகெச்சை நீங்கள் மீம்களில் பார்த்திருப்பீர்கள். துவக்கு என்ற சொல்லைத் தந்த மொழியைப் பேசுகிறவர் அவர். எங்கட நாட்டிலிருந்து தெஹானி எகொடவெல எயார் ரைபிளோடு டோக்கியோ ஒலிம்பிக் வரை போனார். கூடலூர் கடலூர்ப் பிள்ளைகள் என்று பெயரெடுக்க ஆசைப்படும் எவருக்கும் இளவேனில் வாலறிவனின் பெயர் தெரிந்திருக்கும். கடலூரில் பிறந்து உலகக் கிண்ணத் தங்கம் வரை போனவர்.

ஆக, குறி பார்க்கும் ஆசைக்கு ஒரு நல்ல வழி இருக்கு. அந்த வழியில் துவக்கு ஒளிவதில்லை, மைதானத்தில் எல்லார் கண்ணும் பார்க்க இருக்கும். சுட்டு முடிந்ததும் பூட்டிய பெட்டிக்குள் போகும். அதை வீட்டுக் காவலோடும் இடுப்போடும் சேர்த்து ஒரே சாமானாகக் கட்டித் தருவது விற்பனைக்காரனின் கெட்டித்தனம். விளையாட்டின் தேவை அது இல்லை.

1916: கடதாசியும் துவக்கும்

இலங்கையில் துவக்குக்கு இன்றைக்கும் அடிப்படையாக இருப்பது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். அதுக்கு முந்தின ஆண்டு என்ன நடந்தது என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 1915 சிங்கள முஸ்லிம் கலவரம். வடமேல் மாகாணம் வரைக்கும் பரவியது. ஆங்கிலேயர் இராணுவச் சட்டம் போட்டார்கள். கொழும்பு நகரக் காவல் படையின் அதிகாரி ஹென்றி பேதிரிஸ், 26 வயசுப் பொடியன், 1915 ஜூலை 7இல் துவக்குச் சூட்டால் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டார். அப்படியொரு காலத்தில் வந்த சட்டம் யாரைப் பார்த்து எழுதப்பட்டிருக்கும் என்று நீங்களே யோசிக்கலாம்.

சட்டம் சொன்னது எளிது. உரிமம் இல்லாமல் துவக்கு இல்லை, உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். 1996இன் 22ஆம் இலக்கத் திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. இப்போது பயிர் காக்கும் சொட்கன் ஒரு வகை, தனிப்பட்ட பாதுகாப்புக்கான பிஸ்டல், ரிவால்வர் இன்னொரு வகை. பிஸ்டல் என்றால் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும். அமெரிக்காக்காரன் மாதிரிக் கடைக்குப் போய் எது பிடிக்குது என்று பார்த்து வாங்குகிற கதை இங்கே கிடையாது.

உடப்பில் நாங்கள் கரைவலை இழுக்கிறவர்கள். துவக்கு எங்கட தொழில் சாமான் இல்லை. வெடி என்றால் எங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது டைனமைட். மீனுக்குப் போட்ட வெடி கையைத் தின்ற கதை இந்தக் கரை முழுக்க இருக்கு. உள்ளே போனால்தான் துவக்கு. ஆனமடு, கருவலகஸ்வெவ, வணாத்தவில்லுப் பக்கம் யானையும் பன்றியும் இறங்குகிற காணிகள். அங்கே விவசாயிக்குப் பன்னிரண்டு போர் சொட்கன் ஒன்று இருந்தால் அதில் நியாயம் இருக்கு. ஒரு போகம் விளைச்சலை ஒரே இரவில் யானை முடிச்சுப் போட்டுப் போகும். உரிமம் கிடைக்காத ஏழை என்ன செய்வான்? கட்டுத்துவக்கு. குழாயும் கம்பியும் வைத்துப் பன்றி வரும் தடத்தில் கட்டி விடுவது. அது பன்றியா மனுசனா என்று பார்க்காது. விறகுக்குப் போனவர் காலை இழந்த செய்தி எங்கட மாவட்டத்துக்குப் புதுசு இல்லை. ஆளே இல்லாமல் காவல் காக்கும் துவக்கு எப்படி இருக்கும் என்பதுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

வீட்டிலிருந்து வெளியே போன துவக்கு

வீட்டில் துவக்கு வைத்தால் கள்ளன் வரமாட்டான் என்பது பேச்சு. எங்கட நாட்டில் துவக்குக்காகவே ஆட்கள் வீட்டுக்கு வந்தார்கள். 1971 ஏப்ரல் 5, ஜேவிபி பொலிஸ் நிலையங்களைத் தாக்கியது. கையில் இருந்தது பெரும்பாலும் சொட்கன், கையால் செய்த குண்டு. அந்தச் சொட்கன்கள் எங்கிருந்து வந்தன? கிராமத்து வீடுகளிலிருந்து. 1987 முதல் 1989 வரை இரண்டாம் முறையும் அதே கதை. இரவில் கதவைத் தட்டி, "உங்கட வீட்டில் துவக்கு இருக்குத்தானே" என்பார்கள். வடக்கிலும் இயக்கங்கள் தொடக்க காலத்தில் ஊர்களில் இருந்த உரிமத் துவக்குகளைத் திரட்டின. எந்த வீட்டில் இருக்கு என்று ஊருக்கே தெரியும். துவக்கு இல்லாத வீட்டை அவர்கள் தட்டவில்லை.

அரசும் துவக்கைக் கொடுத்தது. 1980களின் நடுவில் எல்லைக் கிராமங்களில் ஊர்காவல் படை என்று ஆட்களைச் சேர்த்துச் சொட்கன் கொடுத்தார்கள். 2006இல் அது சிவில் பாதுகாப்புத் திணைக்களமாக மாறியது. அந்தத் துவக்குகள் சில இடங்களில் கிராமத்தைக் காத்தன, சில இடங்களில் பக்கத்துக் கிராமத்தை அழித்தன. கொடுக்கிறவன் நினைத்த பக்கமே எப்போதும் பார்த்துக்கொண்டு நிற்கும் குழல் எதுவும் இல்லை.

1990 ஒக்டோபரை எங்கட மாவட்டம் மறக்க முடியாது. வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் துவக்கு முனையில் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த நேரம் இரண்டு மணித்தியாலம். ஏறத்தாழ 75,000 பேர். அவர்களில் பெரும்பகுதி வந்து சேர்ந்தது புத்தளம், கற்பிட்டிப் பக்கம். "அவர்களிடமும் ஆளுக்கொரு பிஸ்டல் இருந்திருந்தால்?" என்று யாராவது கேட்கலாம். இருந்திருந்தால் வெளியேற்றம் என்று நாங்கள் இன்றைக்குச் சொல்வதைப் படுகொலை என்று சொல்லிக்கொண்டிருப்போம். அதே ஆண்டு ஓகஸ்டில் காத்தான்குடியில் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்களுக்கு நடந்தது தெரிந்தவர்களுக்கு இது விளங்கும்.

விருந்தாளியாக வந்த துவக்கு

வீட்டுக் காவல் என்ற பேச்சில் எப்போதும் ஒரு படம் இருக்கும். இருட்டு, கதவை உடைக்கும் கள்ளன், கட்டில் தலைமாட்டில் பிஸ்டலோடு வீட்டுக்காரன். எங்கட வரலாற்றில் கைத்துப்பாக்கி வீட்டுக்குள் வந்த பெரிய இரண்டு தருணங்களைப் பாருங்கள். இரண்டிலும் கதவை யாரும் உடைக்கவில்லை.

1959 செப்டெம்பர் 25 காலை. பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க கொழும்பு ரொஸ்மீட் பிளேஸ் வீட்டு விறாந்தையில் சந்திக்க வந்தவர்களைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அங்கே காத்திருந்தவர்களில் ஒருவர் தல்துவே சோமராம, ஒரு பிக்கு, ஆயுர்வேதக் கண் வைத்தியர். பிரதமர் குனிந்து வணங்கினார். காவிக்குள் ரிவால்வர் இருந்தது. அடுத்த நாள் பிரதமர் இறந்தார். வாசலில் காவல் இருக்கத்தான் செய்தது.

1989 ஜூலை 13 மாலை. கொழும்பில் தமிழர் விடுதலைக் கூட்டணித் தலைவர்கள் தங்கியிருந்த வீடு. புலிகள் இயக்கத்திலிருந்து பேச வந்தவர்கள். சோதனை போட வேண்டாம், விருந்தாளிகள் என்று வீட்டுக்காரர்களே காவலர்களிடம் சொல்லி வைத்திருந்தார்கள். வந்தவர்களுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள், பேசிக்கொண்டு இருந்தார்கள். பிறகு சுட்டார்கள். அ. அமிர்தலிங்கமும் வெ. யோகேஸ்வரனும் இறந்தார்கள், மு. சிவசிதம்பரம் காயத்தோடு தப்பினார். காவலர்கள் சுட்டு வந்த மூன்று பேரும் அங்கேயே விழுந்தார்கள்.

இந்த இரண்டாவதை நிதானமாக யோசியுங்கள். காவல் இருந்தது. காவலரிடம் துவக்கு இருந்தது. அந்தத் துவக்கு சரியாகவே வேலை செய்தது. கொல்ல வந்தவர்களைக் கொன்றது. ஆனால் காக்க வேண்டியவர்களைக் காக்கவில்லை. துவக்கு பதிலுக்குச் சுடத் தெரிந்த சாமான், முந்திக்கொள்ளும் வசதி எப்போதும் வந்தவன் கையில்தான். ஒளித்துக் கொண்டுவரக்கூடிய ஆயுதம் ஒன்று உலகில் இருக்கும் வரை, வீட்டுக்காரன் அலுமாரியில் இருப்பது எப்போதும் இரண்டாவது துவக்குத்தான்.

அலுமாரிக்குள் இருக்கும் ஆபத்து

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2008இல் ஹெல்லர் வழக்கில், தற்காப்புக்காக வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனிதனின் அரசியலமைப்பு உரிமை என்று தீர்ப்புச் சொன்னது. அங்கே அது உரிமை. ஆனால் உரிமையும் பலனும் வேறு வேறு. 1993இல் ஆர்தர் கெல்லர்மனும் கூட இருந்தவர்களும் செய்த ஆய்வு ஒன்று, துவக்கு இருக்கும் வீட்டில் கொலை நடக்கும் சாத்தியம் இல்லாத வீட்டைவிட 2.7 மடங்கு என்று கணக்கிட்டது. பெரும்பாலும் சுட்டவர் கள்ளன் இல்லை, வீட்டு ஆள் அல்லது தெரிந்த ஆள். ஆபத்தான வீட்டில் இருப்பவர்கள்தானே துவக்கு வாங்குகிறார்கள் என்று அந்த ஆய்வை விமர்சித்தவர்களும் உண்டு. சரி, அமெரிக்காவை விடுங்கள். எங்கட நாட்டிலேயே இதுக்கு ஒரு சான்று இருக்கு, துவக்கே சம்பந்தப்படாத சான்று.

1995இல் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். உலகிலேயே மிக உயர்ந்த எண்களில் ஒன்று. அதில் பெரும்பங்கு பூச்சிமருந்து. தோட்டத்துக்கென்று வாங்கி வீட்டு மூலையில் வைத்த போத்தல். அரசு மிகக் கொடிய நஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தது. 2005 ஆகும்போது அந்த எண் 24 அளவுக்கு இறங்கியது. அந்தப் பத்து ஆண்டில் மக்களின் கவலை பாதியாகிவிடவில்லை. போரும் கடனும் குடியும் அப்படியே இருந்தன. கவலை முற்றிய அந்தப் பத்து நிமிடத்தில் கைக்கு எட்டியது என்ன என்பது மட்டும் மாறியது. பூச்சிமருந்து குடித்தவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடவாவது நேரம் இருக்கும். துவக்கு அந்த நேரத்தைத் தராது. குடித்துவிட்டு வந்த அப்பா, பரீட்சை சரிவராத பிள்ளை, சந்தேகம் பிடித்த புருசன், இவர்கள் இருக்கும் வீட்டு அலுமாரியில் ஒரு பிஸ்டல் இருந்தால் என்று யோசியுங்கள். எங்கட ஊரில் இந்த மூன்றும் இல்லாத ஒழுங்கையைக் காட்டுங்கள் பார்ப்போம்.

இன்னொன்று, வெறும் பௌதிகம். 9 மில்லிமீட்டர் சன்னம் செக்கனுக்கு ஏறத்தாழ 350 மீட்டர் வேகத்தில் போகும். அமெரிக்காவில் வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையில் புல்வெளி இருக்கும். உடப்பில் வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையில் என்ன இருக்கு? ஒரு தகரம், ஒரு கிடுகு வேலி, ஒரு ஆள் போகும் ஒழுங்கை. கள்ளனுக்கு வைத்த சூடு தவறினால் அடுத்த வீட்டில் தூங்கும் பிள்ளையில் போய் நிற்கும். அந்தப் பிள்ளை பெரும்பாலும் எங்கட சொந்தமாகவே இருக்கும்.

பிறகு எதைக் கொண்டு காப்பது?

2024 இறுதியில் பாதுகாப்பு அமைச்சு, தனிப்பட்ட பாதுகாப்புக்கென்று கொடுத்த துவக்குகளை நவம்பர் 7க்கு முன் ஒப்படைக்கச் சொன்னது. உண்மையில் யாருக்குத் தேவை என்று திரும்பப் பார்க்கவாம். நல்ல காரியம். ஆனால் அந்தப் பட்டியலில் கரைவலைக்காரன் ஒருவனும் இருந்திருக்க மாட்டான் என்று நான் துணிந்து சொல்வேன். அரசியல்வாதி, வியாபாரி, செல்வாக்குள்ளவன். பயத்தில்கூட இந்த நாட்டில் வகுப்பு இருக்கு. ஏழையின் பயத்துக்கு யாரும் உரிமம் கொடுப்பதில்லை. அவன் பயத்துக்குத் தேவையானதும் உரிமம் இல்லை. கூப்பிட்டால் வருகிற பொலிஸ், தமிழில் முறைப்பாடு எழுதுகிற பொலிஸ், ஐஸ் விற்கிறவனைப் பெயர் தெரிந்தும் விட்டுவிடாத பொலிஸ். அதைக் கேட்பதை விட்டுவிட்டு ஆளுக்கொரு துவக்கு கேட்டால், அரசு செய்ய வேண்டிய வேலையை எங்கட இடுப்பில் நாங்களே கட்டிக்கொள்வதாக முடியும்.

ஊரின் காவல் என்று ஒன்று எப்போதும் இருந்தது. கரையில் விடியற்காலை மூன்று மணிக்கும் ஆள் இருக்கும். வாடியில் லாம்பு எரியும். ஒழுங்கைக்குள் தெரியாத முகம் வந்தால் நாலு வீட்டு நாய் குரைக்கும், ஐந்தாவது வீட்டு ஆச்சி "ஆரது?" என்று கேட்பா. அந்தக் கேள்விதான் எங்கட ஊரின் முதல் துவக்கு. பிள்ளைகள் வெளிநாடு போக, மதில் உயர, கதவுகள் சாத்த, அந்தக் கேள்வி குறைந்துகொண்டு போகுது. பயம் கூடுவதுக்கும் இதுக்கும் தொடர்பு இல்லை என்று சொல்ல முடியாது.

ஆடி மாசம் எங்கட திரௌபதை அம்மன் கோயிலில் பாரதம் படிக்கிறதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அருச்சுனன் பாசுபதம் வேண்டித் தவம் செய்யும் கட்டத்துக்குக் கூட்டம் அலைமோதும். எல்லாருக்கும் பெரிய ஆயுதம் கிடைக்கும் கட்டம் பிடிக்கும். ஆனால் கதையின் முடிவுப் பக்கத்தை ஒருதரம் கவனித்துக் கேளுங்கள். போர் முடிந்து விட்டது. வென்றாயிற்று. உலகில் உள்ள அத்தனை அத்திரமும் பாண்டவர் கையில் இருக்கு. அந்த இரவில் அசுவத்தாமன் பாசறைக்குள் நுழைந்து, தூங்கிக்கொண்டிருந்த திரௌபதையின் ஐந்து பிள்ளைகளையும் கொன்றான். பாசுபதம் வைத்திருந்த வீட்டுப் பிள்ளைகள் அவர்கள். பிறகு அவன் விட்ட பிரம்மாத்திரத்தைத் திருப்பி அழைக்க அவனுக்கே தெரியவில்லை.

நாங்கள் தீ மிதிப்பது அந்தத் தாய்க்கு. அவளிடம் போய் எந்தத் துவக்கு நல்லது என்று கேட்டால் என்ன சொல்லுவா என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.